ஜீவனின் காதுக்கு மட்டும்

லயத்தில் ரகசியம் என்று ஒன்று பிழைத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வெள்ளைக்காரன் தோட்டத் தொழிலாளருக்கு வரிசை வீடாக லயம் கட்டியபோது, குடும்பத்துக்கு ஓர் அறை என்று காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் வைத்தான். அந்தச் சுவரைக் கூரைவரை கொண்டுபோகக் கல் போதவில்லையோ மனம் வரவில்லையோ, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திவிட்டான். அதற்கு மேலே தகரம்; அது எல்லோருக்கும் பொது. முதல் காம்பராவில் மிளகாய் தாளித்தால் கடைசிக் காம்பராவில் தும்முவார்கள். பின்னால் வந்த நிர்வாகங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததோடு சரி, அதன் உயரத்தை யாரும் கூட்டவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதர் மானத்தோடு இருக்க ஒரு சட்டம் வேண்டும். அது இருந்தது. சுவருக்கு மேலால் வந்த பேச்சை வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது. காது தாராளமாகக் கேட்கலாம், வாய் மட்டும் கேட்டதாகக் காட்டக் கூடாது. இரவெல்லாம் பக்கத்து வீட்டுச் சண்டையை வரி பிசகாமல் கேட்டவள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் அந்த வீட்டுக்காரியிடம் "நல்லாத் தூங்குனியா தங்கச்சி" என்றுதான் கேட்பாள். பாராளுமன்றத்தில்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் பிரிவான மேற்கணக்கில், இப்படியான ஒரு லயத்தில்தான் ஜீவன் தன் தாய் கலாராணியோடு இருந்தான். அப்பா கொழும்பில் கடை வேலை; தீபாவளிக்கு வருவார். அம்மா கொழுந்து எடுத்தாள். ஜீவன் கொழுந்துக்கும் போகவில்லை, கொழும்புக்கும் போகவில்லை. லுணுகலை டவுனில் றில்வானின் கைபேசிக் கடையில் வேலை பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பம்மாவும் அவள் புருஷன் கந்தப்பனும். கருப்பம்மாவுக்குப் பழைய இருமல் ஒன்று உண்டு. ஜீவன் பிறந்த நாளிலிருந்து அந்த இருமலைக் கேட்டுத்தான் வளர்ந்தான்.

அவன் உலகத்தில் கேட்டது அதிகமில்லை: தன் காதுக்கு மட்டும் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த ஆசையிலிருந்துதான் எல்லாக் கூத்தும் தொடங்கியது.

முதலில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய இயர்போன். அதில் ஒரு காதுதான் வேலை செய்யும். எந்தக் காது என்பது நாளுக்கு நாள் மாறும். அடுத்தது கேம் விளையாடுகிறவர்களுக்கென்றே செய்த ஹெட்செட். வாயருகே மைக், காதருகே நீலமும் சிவப்புமாக விளக்கு. மாட்டியிருப்பவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விளக்கு எதற்கு என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. றில்வானுக்குத் தோன்றியது.

"மச்சான், இது வெளையாட்டுச் சாமான். நீ இன்னும் சத்தம் எண்டா என்னண்டே கேக்கல்ல," என்றான் றில்வான். தன் கடையில் அந்த ஹெட்செட்டை அவனுக்கு விற்றதே தான்தான் என்பதை அவன் மறந்துவிட்டான். வியாபாரிக்கு மறதி ஒரு முதலீடு.

அன்றிலிருந்து இருவரும் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் விமர்சனங்கள் படித்தார்கள். அந்த உலகமே வேறு. அங்கே சத்தத்துக்கு அகலம் உண்டு, ஆழம் உண்டு, மேடை உண்டு. நல்ல ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் தபேலாக்காரர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாமாம். படம் பார்த்தால் ஹெலிகொப்டர் பிடரிக்குப் பின்னால் வருமாம். கேமில் எதிரி மாடிப்படியில் கால் வைத்தால் எந்தப் படி என்று தெரியுமாம். தபேலாக்காரர் எங்கே உட்கார்ந்தால் நமக்கென்ன என்று ஒருவர்கூட எழுதவில்லை.

"கேம், பாட்டு, படம். மூணுக்கும் இது ஒண்ணே போதும்மா," என்றான் ஜீவன் அம்மாவிடம்.

"சோத்துக்கும் அதுதானாப்பா?" என்றாள் கலாராணி.

வந்து சேர்ந்த ஹெட்போன் உண்மையிலேயே அழகாக இருந்தது. காதை மூடும் கிண்ணங்களின் வெளிப்பக்கத்தில் கம்பி வலை. உள்ளே ஓடும் சத்தம் அந்த வலை வழியே வெளியேயும் போய் வரும். மேடை அகலமாக இருப்பதன் சூட்சுமம் அதுதான். மைக்கையும் தனியே வாங்கி ஒயரில் கொழுவிக்கொண்டான். அமைதியான தனி அறையில் மட்டும் பாவிக்கவும் என்று எல்லா விமர்சனத்திலும் எழுதியிருந்தது. ஜீவன் அதையும் படித்தான். அவனுக்குத்தான் தனி அறை இருந்ததே. கருப்பம்மா வீட்டுச் சுவரோரம் கட்டிலைப் போட்டு, கயிறு கட்டி, அம்மாவின் பழைய சேலையைத் தொங்கவிட்டிருந்தான். அறைக்குக் கதவு இருக்கும், சுவர் கூரையைத் தொடும் என்பதையெல்லாம் விமர்சனக்காரர்கள் எழுதவில்லை. அவர்கள் ஊரில் அது எழுதிச் சொல்லவேண்டிய சங்கதி இல்லை.

ஹெட்போன் வந்த கையோடு மழைக்காலமும் வந்தது. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. தபேலாக்காரர் எங்கே கேட்பது? றில்வான் தலையில் கை வைத்தான். "ஆம்ப் இல்லாம இதக் கேக்கிறது பாவம் மச்சான். குதிரைய வாங்கிட்டுப் புல்லுப் போடாம வெச்சிருக்கிறாய்."

ஆக ஆம்ப்ளிபயரும் வந்தது. செங்கல் அளவில் கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு திருகி, பின்னால் சத்தத்தை இன்னும் தூக்கிவிட ஒரு சுவிட்ச். அது எப்போதும் இளஞ்சூடாக இருப்பதைக் கண்ட கலாராணி, ஈரமாகிப்போன தீப்பெட்டியை அதன்மேல் வைத்துக் காயப்போட்டாள். அந்த வீட்டுக்கு அது செய்த முதல் உபகாரம் அதுதான்.

ஆனால் ஆம்ப் வந்தபிறகு ஓர் அதிசயம் நடந்தது. ஜீவன் ஹெட்போனை மாட்டித் திருகியைத் திருப்பினால் சிறிது நேரத்தில் லயமே அடங்கிவிடும். கோப்பை கழுவும் சத்தம் இல்லை, பிள்ளைகள் அழும் சத்தம் இல்லை, மூன்றாம் காம்பரா ரேடியோ இல்லை. கருப்பம்மாவின் இருமல்கூட வாயில் சேலைத் தலைப்பை வைத்து இருமியது போலத்தான் வரும். இந்த மாதிரி ஹெட்போன் வெளிச் சத்தத்தைத் தடுக்காது என்று எழுதிய விமர்சனக்காரர்களை நினைத்து ஜீவன் சிரித்தான். சிரித்ததோடு விடவில்லை, தானும் ஒரு விமர்சனம் எழுதிப் போட்டான். 'வெளி உலகமே இல்லாமல் போய்விடுகிறது' என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் கொடுத்தான்.

வெளி உலகம் எங்கேயும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், கருப்பம்மாவின் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது.

யாராவது வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் சட்டம் சட்டம்தானே. ஒருநாள் ஜீவன் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனான். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கந்தப்பன் அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதையும் பாதியில விடக்கூடாதுப்பா," என்றார் கடைசியில். "மனுசனுக்கு மனசு அடிச்சுக்கும்."

வயசானவர் ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று ஜீவன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்தான். அவன் போன கிழமை இறக்கிய புதுப் பாட்டைக் கருப்பம்மா கொழுந்துக்குப் போகும் வழியில் முணுமுணுத்தபோதும், பரவாயில்லையே, நம்ம லயத்துக்கும் ரசனை வந்துவிட்டது என்றுதான் சந்தோஷப்பட்டான். காது திறந்த அளவுக்குப் புத்தி திறக்க எந்தக் கம்பனியும் சாமான் விற்பதில்லை.

படமும் பாட்டும் போகட்டும். ஆர்த்திகாவைத்தான் சொல்லவேண்டும்.

ஆர்த்திகாவை அவனுக்குக் கேமில்தான் தெரியும். அந்த விளக்கு ஹெட்செட் காலத்திலேயே இருவரும் ஒரே அணி. பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. அப்பா சிதம்பரநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து, பதுளைக் கச்சேரி என்ற அரசாங்கச் செயலகத்தில் ஓய்வுபெற்று, குளிரைத் திட்டிக்கொண்டே அங்கேயே தங்கிவிட்டவர். மகள் பகலெல்லாம் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் எதிரியை நெற்றியில் சுட்டு வீழ்த்தி, "மன்னிக்கோணும்" என்று சொல்லும் ரகம். கேம் முடிந்தும் பேச்சு முடியாமல் போனது எப்போது என்று இருவருக்கும் தெரியாது.

"நீங்கள் சரியான அமைதி," என்றாள் ஒருநாள். "எங்கட ஒஃபீஸில எல்லாரும் கத்தித்தான் கதைக்கிறவை. உங்கட குரல் வலு மெதுவு."

மெதுவாக இல்லாமல்? பிறந்ததிலிருந்தே கிசுகிசுத்துப் பழகியவன். லயத்தில் தன் பேச்சை அடுத்த காம்பராவுக்குப் போகாமல் பேசுவது எப்படி என்று மூன்று வயதுப் பிள்ளைக்கே தெரியும். மறுமுனைப் பேச்சை அடக்குவது எப்படி என்று யாரும் கற்றதில்லை. அதற்கு அவசியம் வந்ததே இல்லை. அவன் அடக்க ஒடுக்கமாக மைக்கில் முணுமுணுக்க, ஆர்த்திகாவின் குரல் ஆம்ப்ளிபயரின் முழுப் பலத்தோடு கம்பி வலைகளைத் தாண்டி, சேலையைத் தாண்டி, சுவருக்கு மேலால் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் பிடித்த கறி, அவளுடைய மேலதிகாரியின் குணம், ஜீவனை அவள் 'குட்டி' என்று கூப்பிடுவது எல்லாம் லயத்துக்கு மனப்பாடம்.

ஒன்றே ஒன்றில்தான் அவன் வழுக்கினான். நீங்கள் இருப்பது எங்கே என்று அவள் கேட்டபோது, "தோட்டத்து ஸ்டாஃப் குவாட்டர்ஸ்ல," என்று சொல்லிவிட்டான். ஏன் சொன்னான்? வெட்கம்தான், வேறென்ன. கச்சேரி உத்தியோகத்தரின் மகளிடம் காம்பரா என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஒருமுறை சொன்ன பொய்க்கு அப்புறம் தீனி போட்டு வளர்க்கவேண்டும். குவாட்டர்ஸுக்கு முன்னால் பூமரம் வைத்தான், பின்னால் மரக்கறித் தோட்டம் போட்டான், அம்மாவுக்குத் தனிச் சமையலறை கட்டிக் கொடுத்தான். எல்லாம் கிசுகிசுப்பில். ஆனால் சேலைக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் இருந்த கலாராணிக்கு மகனின் கிசுகிசுப்பைப் புரிந்துகொள்ள ஆம்ப்ளிபயர் தேவைப்படவில்லை.

ஒரு மாலை ஆர்த்திகா கேம் தொடங்குமுன்பே பேச்சைத் தொடங்கினாள்.

"அப்பா கனடாவில ஒரு சம்பந்தம் பாத்திருக்கிறார். வேண்டாமெண்டு சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும். அந்தக் காரணம் நீங்களோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியோணும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரேயொரு கேள்வி கேப்பன். உண்மை சொல்லோணும்."

அந்தக் கிழமை முழுக்க லயத்தில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. கருப்பம்மா காரணமே இல்லாமல் ஜீவனுக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். கந்தப்பன் அவனைக் கண்டபோதெல்லாம் தோளில் தட்டினார். ஆறாம் காம்பராக்காரி, "ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுக்கு வந்து அரிசி பொடைக்கவாக்கா" என்று கருப்பம்மாவிடம் அனுமதி கேட்டாள். தன் வீட்டு அரிசியை அடுத்த வீட்டில் போய்ப் புடைக்க வேண்டிய அவசியம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. யாரும் வாயைத் திறக்கவே இல்லை.

ஜீவன் என்ன செய்தான்? தேயிலை ஆலையைப் பார்க்கும் டீமேக்கரின் குவாட்டர்ஸை வேலிக்கு வெளியே நின்று நாலு பக்கமும் படமெடுத்து வைத்தான். உண்மை சொல்லச் சொன்னால் பொய்க்குச் சாட்சி தேடும் புத்தி.

ஞாயிறு பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. ஜீவன் பின்னாலிருந்த சுவிட்சையும் போட்டான். திருகியைப் போகிற எல்லைவரை திருப்பினான். ஆர்த்திகாவின் குரல் மழையை வென்று வந்தது.

"சொல்லுங்கோ ஜீவன். நீங்கள் உண்மையிலே இருக்கிறது எங்க?"

கேள்வி இதுதான் என்று அவன் நினைக்கவே இல்லை. காதலிக்கிறீர்களா, கட்டுவீர்களா என்று கேட்பாள் என்று நினைத்து அதற்கெல்லாம் விடை தயார் செய்திருந்தான்.

"குவாட்டர்ஸ்ல," என்றான் மெல்ல. "போட்டோகூட அனுப்புறேன்."

பிறகு அவள் சொன்னாள்: "இன்னொருக்காக் கேக்கிறன். கடைசியா."

அவனால் தாங்க முடியவில்லை. காதில் நெருப்பு வைத்தவன்போல ஹெட்போனைப் பிடுங்கிக் கட்டிலில் வைத்தான். அந்த நேரம் பார்த்து மழையும் சட்டென்று ஓய்ந்தது.

கட்டிலில் கிடந்த ஹெட்போன் பேசியது. முழு வாயால் பேசியது. கோயில் ரேடியோப் பெட்டியில் வருவதுபோல ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"நீங்கள் பொய் சொன்னா நான் அப்பாட்டப் போய் கனடாச் சம்பந்தத்துக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன், குட்டி."

ஜீவன் ஹெட்போனைப் பார்த்தான். கம்பி வலையைப் பார்த்தான். நிமிர்ந்து, சுவர் முடிந்து தகரம் தொடங்கும் அந்த இருட்டு இடைவெளியைப் பார்த்தான். கந்தப்பனின் தத்துவம், கருப்பம்மாவின் பாட்டு, முறுக்கு, தோள் தட்டல், அந்த ஐந்து நட்சத்திரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் புடைத்துக்கொண்டிருந்த முறமும் நின்றது.

அப்போதுதான் கருப்பம்மா சட்டத்தை உடைத்தாள்.

"ஏப்பா ஜீவா, அந்தப் புள்ள கேக்குதுல்ல. லயம்னு சொல்லித் தொலையேம்ப்பா. பொண்ணு கையவிட்டுப் போகுது."

சேலை விலகியது. கலாராணி கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

"நாம குவாட்டர்ஸுக்கு என்னைக்குப்பா குடி போறோம்?" என்றாள். "சாமான் சட்டியெல்லாம் கட்டணும்ல, அதான் கேக்குறேன்."

இத்தனை மாதமும் இவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தான் பிள்ளை வளர்த்த இடத்தைப் பிள்ளை மறைப்பதைக் கேட்டுக்கொண்டே அவனுக்கு ரொட்டி சுட்டிருக்கிறாள். கொழுந்துக் கூடை தூக்கிய காசில் வளர்ந்தவன் அவளை இல்லாத சமையலறையில் குடிவைத்திருந்தான். அவனுக்கு அழுகை வந்தது. வெட்கப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெதற்கோ வெட்கப்பட்டிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அவன் மைக்கை எடுத்தான். வாழ்க்கையில் முதன்முறையாக, லயத்தின் இரண்டு கோடிக்கும் கேட்கும்படி பேசினான்.

"நான் லயத்துலதான் இருக்கேன். எங்க அம்மா கொழுந்து எடுக்குறாங்க. குவாட்டர்ஸ், பூமரம் எல்லாம் பொய்."

"இப்பதான் உங்கட குரலே எனக்கு வடிவாக் கேக்குது," என்றாள் ஆர்த்திகா. "லயம் எண்டு எனக்கு முதல் மாசமே தெரியும். அந்தப் பழைய மைக்கில ஒரு அம்மா இருமுறதும் கேக்கும், தண்ணி வந்திருச்சு எண்டு ஆரோ கத்துறதும் கேக்கும். குவாட்டர்ஸில தண்ணிக்கு ஆர் கத்துறது? நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன்." பிறகு குரலைச் சற்று உயர்த்தினாள். "இப்ப கதைச்சது அந்த அம்மாதானே? அம்மா, உங்கட இருமல் எப்பிடி?"

"பரவாயில்ல கண்ணு," என்றது சுவர். "மழைன்னா கொஞ்சம் வரும்."

"மருந்து எடுக்கிறனீங்களோ?"

"கொத்தமல்லி போட்டுக் குடிக்கிறேன். நீ சொல்லு, ஒன் ஆபீசர் இன்னும் ஒன்னையத் திட்டுறானா?"

"அந்தாள் திருந்தாது அம்மா. ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லுங்கோ. ஆள் எப்பிடி?"

சுவருக்கு அந்தப் பக்கம் சிறு ஆலோசனை நடந்தது. ஆறாம் காம்பராக்காரியின் குரலும் கந்தப்பனின் குரலும் கலந்து கேட்டன.

"நல்ல புள்ளதான் கண்ணு," என்றாள் கருப்பம்மா. "குடி கெடையாது. தண்ணி புடிக்க மட்டும் எந்திரிக்க மாட்டான். படத்தப் பாதியில நிப்பாட்டுற பழக்கம் ஒண்ணு இருக்கு, அத நீதான் திருத்தணும்."

"நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்ல," என்றாள் ஆர்த்திகா. "பொய் சொன்னதுக்கு ஆள் இன்னும் நிறையக் கதை கேக்கவேண்டிக் கிடக்கு. ஆனா வாற ஞாயிறு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன். முதல்ல ஜீவன்ட அம்மாவைப் பாக்கோணும். எந்த பஸ், எங்க இறங்கிறது எண்டு சொல்லுங்கோ அம்மா."

கருப்பம்மா வழி சொல்லத் தொடங்கினாள். கோயில் வளைவில் இறங்கச் சொன்னாள். கலாராணி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஆம்ப்ளிபயர் மேலிருந்த தீப்பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். கறுப்புப் பெட்டி மூச்சுவிடட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு மகன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து ஹெட்போனை உற்றுப் பார்த்தாள். தூரத்தில் தகரத்தின்மேல் மழை மறுபடி வரும் சத்தம் கேட்டது.

கோயில் வளைவில் வழி வழுக்கும், மேல் பாலத்தில் இறங்குவதுதான் நல்லது என்று சொல்ல ஜீவன் மைக்கை நோக்கிக் குனிந்தான்.

"கொஞ்சம் சும்மா இருப்பா," என்றாள் கலாராணி. "புள்ள பேசுறது கேக்கல."